கசியாத குளம்

இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த ஆண்டுகளில், கொடைக்கானலுக்கு மேலே, கவுஞ்சிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் நான் அறிவியல் டீச்சர். திண்டுக்கல்லில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், பாலைவனத்தில் காய்ந்துபோன ஒரு சதுப்பு நிலத்தை மாணவர்களே மீட்ட கதையைப் படம் போட்டுக் காட்டினார்கள். மணலில் நடந்தது மழை கொட்டுகிற எங்கள் மலையில் நடக்காதா என்ற திமிரோடு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கு மேலே சரிவில் ஒரு சதுப்பு இருந்தது. பூண்டு போடலாமென்று எவரோ நடுவில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டு, பூண்டும் அழுகியதும் கைகழுவிவிட்ட இடம். அதற்குக் கீழே, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களின் வீடுகள். சதுப்பிலிருந்து கசிந்து வரும் ஊற்றுதான் அவர்களுக்குக் குடிதண்ணீர். பாறை இடுக்கில் ஒரு தகரத்தைச் செருகிக் குடம் பிடிப்பார்கள். பீலி என்பார்கள் அதை. கோடையில் பீலியில் சொட்டுச் சொட்டாகத்தான் விழும்.

அந்த வீடுகளிலிருந்து எட்டாம் வகுப்புக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வந்துகொண்டிருந்தாள் என்பது பேச்சுக்கு. குடம் நிறையக் காத்திருந்து அவள் வகுப்புக்குள் நுழையும்போது முதல் பீரியட் முடிந்திருக்கும். நல்ல மூளை. பத்தாவது தேறினால் அங்கிருந்து தேறிய முதல் ஆள் அவளாக இருப்பாள். அவளை எப்படியாவது தேற்றிவிடுவது என்று நான் வைராக்கியமாக இருந்தேன்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ஒரு தட்டில் வைத்து, மேலே தண்ணீர் ஊற்றி, அது மெல்ல மெல்லச் சொட்டுவதைக் காட்டினேன். சதுப்பு செய்யும் வேலை இவ்வளவுதான், மழையைக் குடித்துவிட்டுக் கோடை முழுக்கக் கசியவிடும் என்றேன். அடுத்த வாரமே பிள்ளைகள் உர மூட்டைப் பைகளில் மண் நிரப்பி வாய்க்காலை அடைத்தார்கள். நீரை உறிஞ்சும் வாட்டில் மரக் கன்றுகள் முளைத்துக் கிடந்ததைப் பிடுங்கினார்கள். பக்கத்துக் காட்டுக்காரர், "ஏலே, சோலியத்துப்போயி சேத்துல கெடந்து உருளுறீகளா" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுகோடையில் பீலி நிற்காமல் ஓடியது. காலைப் பிரார்த்தனையில் அவள் முன்வரிசையில் நின்றாள். அன்று எனக்கிருந்த பூரிப்பைச் சொல்லி மாளாது.

அதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்போம். மாவட்டக் கண்காட்சியில் பிள்ளைகளின் ஸ்பாஞ்சுக்குப் பரிசு கிடைத்தது. பார்த்துப் பூரித்துப்போன ஓர் அதிகாரி, இவ்வளவு செய்த குழந்தைகளுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டாமா என்றார். நல்ல மனிதர். அவர் செய்தது, சதுப்பைக் குளமாக்க ஜேசிபி அனுப்பியதுதான்.

சதுப்பைத் தோண்டி அந்தக் கறுப்பு மண்ணை லாரி லாரியாகப் பூண்டுக் காடுகளுக்கு ஏற்றினார்கள். ஊரே சந்தோஷமாக அள்ளிப் போட்டுக்கொண்டது. பாறை தெரியும்வரை தோண்டியபின் சுற்றிலும், அடியிலும், சிமெண்ட். நானும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். வேலை தொடங்கிவிட்டது என்ற ஒரே பதில். கடைசியில் என்ஜினீயரிடம் மன்றாடினேன். அவர் பெருமையாக, ஒரு சொட்டு கசியாது டீச்சர் என்றார்.

என் பக்கத்தில் நின்ற அவள் கேட்டாள்: "கசிஞ்சாத்தானே சார் எங்களுக்குத் தண்ணி?"

அவர் சிரித்து அவள் தலையைத் தட்டிக்கொடுத்தார். சூட்டிகையான பிள்ளை, நன்றாகப் படிக்கவையுங்கள் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. திறப்பு விழாவில் கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்றதும் அவள்தான். பரிசு வாங்கிய பிள்ளை அல்லவா.

அந்தக் கோடையில் பீலி நின்றது. குளத்தின் அடியில் பச்சையாகக் கொஞ்சம் கிடந்தது. பூண்டுக் காட்டு மருந்தெல்லாம் வடிந்த அந்தத் தண்ணீரை மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பியது. இனிப் பள்ளத்து ஓடைக்கு இறங்கி ஏறித்தான் தண்ணீர். அவள் முதலில் தாமதமாக வந்தாள், பிறகு மதியம் வந்தாள், பத்தாவது தொடங்கியபோது வரவே இல்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பூண்டு களையெடுக்கப் போயிருந்தாள். இவள் ஓடைக்குப் போயிருந்தாள். வாசலில் காலிக் குடங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த ஆண்டு புதிய வகுப்பைக் குளத்தங்கரைக்கு அழைத்துப் போகச் சொல்லி உத்தரவு. சீரமைக்கப்பட்ட நீர்நிலையைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமாம். போனோம். கரையடியில் இருக்கும் வீடுகளுக்கு, ஓடையிலிருந்து தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தோடு அவள் ஏறி வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். தனித்தேர்வாகவாவது எழுதிவிடு, நான் வீட்டுக்கு வந்து சொல்லித்தருகிறேன் என்றேன்.

"தண்ணி எங்கயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும் டீச்சர். எப்படி நின்னுச்சுன்னும் தெரியும். இன்னும் என்னத்தப் படிக்கிறது?"

கோபமாகச் சொல்லவில்லை. இடுப்புக் குடத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பின்னால் ஒரு பிள்ளை, ஆரம்பிக்கலாமா டீச்சர் என்றது. பையிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்தேன்.