சாட்சிக்காரியின் சாக்கு

நாடகத்தில் எனக்குச் சாட்சிக்காரி வேடம். குளிர்நாட்டு ஊரொன்றில் பெண்களைச் சூனியக்காரிகள் என்று பிடித்துத் தூக்கிலிட்ட கதை அது. வரிசையில் நிற்கிறவர்களை நான் ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுக்க வேண்டும். விரலை நீட்டிக் கத்தச் சொன்னார் நெறியாளர். சின்ன வயதுக்காரர், சுற்றிவளைப்பைக் கண்ணால் கண்டதில்லை.

"விரல் நீட்டினா திருகோணமலையில ஒருத்தரும் பயப்படமாட்டினம். சாக்கைப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டவேணும்," என்றேன்.

சண்டைக் காலத்தில் ஆமி ஊரைச் சுற்றிவளைத்தால் அப்படித்தான். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு, ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் தலையாட்டினால் முன்னால் நிற்கிறவனை ட்ரக்கில் ஏற்றிப் போய்விடுவார்கள். என் அண்ணாவை லிங்கநகரில் வைத்து ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

அந்தத் தலையாட்டிமேல் இருந்த ஆத்திரம் முழுவதையும் வேடத்தில் கொட்டினேன். நிமிர்ந்து நின்று, அலட்சியமாக ஆட்டினேன். நெறியாளருக்குச் சரியான சந்தோஷம். எனக்கும்தான், "நானும் பாக்க வாறன்" என்று அண்ணா சொல்லும்வரை. அதன்பிறகு சோறு இறங்கவில்லை. அவரைக் கேட்காமல் அவருடைய கதையை மேடையேற்றிவிட்டேன். சாக்கைக் கண்டதும் மனுசன் என்ன ஆவாரோ? வரவேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வந்தார். மேடையில் நின்று சாக்கின் ஓட்டைகள் வழியாகப் பார்த்தேன். நான் தலையை ஆட்டியதும் முன்வரிசையில் சிலர் குனிந்துகொண்டார்கள். அண்ணா குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கடற்கரை வீதியில் நின்றார்.

"நீ ஆட்டினது பிழை."

"ஏனண்ணா?"

"அவன் அப்பிடி நிமிர்ந்து நிக்கேல்லை. கால் ரெண்டும் நடுங்கிச்சு. காற்சட்டை நனைஞ்சிருந்தது. எங்களைவிட அவனுக்குத்தான் பயம்."

"ஆளைத் தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம். இப்பவும் இஞ்சதான் இருக்கிறான். கண்டா கதைக்கிறனான்."

ஆர், ஆர் என்று வீடு வரும்வரை அவரை அரித்தெடுத்தேன். படலையைத் திறந்துகொண்டு சொன்னார்:

"சொன்னா நீயும் ஆட்டத் தொடங்கிடுவாய்."

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன அப்படிப்பட்டவளா?

மறுநாள் காலையில் சந்தைக்குப் போனேன். வழக்கமாக மீன் வெட்டித் தருகிறவர், "அண்ணா சுகமோ?" என்று கேட்டார். அவருக்கும் அண்ணாவின் வயதுதான். கத்தி பிடித்த கை கொஞ்சம் நடுங்கியது. முதுமையாக இருக்கலாம், குளிர்ந்த மீனாக இருக்கலாம். நான் அவருடைய கண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அவர் வெட்டி வைத்த பாரையை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

அன்று பின்னேரம் இரண்டாவது தடவையாக மேடையேறினோம். சாக்கை மாட்டியதும் கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின. நன்றாக நடித்ததாக நெறியாளர் சொன்னார்.