அக்கா பாட்டைப் பதிவு செய்த கதை

இருபது வருடமாக உடுக்கை அடித்துக்கொண்டு தனியாகப் பாடுகிறவன் நான். கூட ஒரு ஆள் வாசித்தாலே எனக்கு எரிச்சல் வரும். அப்படிப்பட்டவனை, "உன் பாட்டையெல்லாம் ஆல்பமா போட்டுடலாம்டா" என்று கிளப்பிவிட்டவர்கள் என் நண்பர்கள் இரண்டு பேர். ஒருவன் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிறவன். இன்னொருவன் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன்.

பொம்மை ஷெட்டில்தான் பதிவு. சுடாத பொம்மைகள் அடுக்கிய ரேக்குகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தினோம். மண் அரைக்கிற மில் ஓடும்போது பாட முடியாது என்பதால் சாப்பாட்டு வேளையில் மட்டும் வேலை. காதில் டிக் டிக் என்று தாளத்தைக் கேட்டுக்கொண்டே பாடச் சொன்னார்கள். மாமியார் வீட்டில் முதல்முதலாகச் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மற்ற பாட்டெல்லாம் எப்படியோ தேறிவிட்டது. அக்கா பாட்டுதான் மல்லுக்கு நின்றது. கம்மாபுரம் பக்கத்தில் அக்காவின் வீடும் நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போயின. வேறு இடத்துக்குக் குடிபோன வருடமே அவள் செத்துப்போனாள். அவளுக்காக நான் கட்டிய பாட்டு அது. 'எந்த வாசல்ல வந்து உன்னக் கூப்புடுவேன்' என்கிற வரியில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். நிறுத்திவிடுவேன். அடங்கின பிறகுதான் மேலே பாடுவேன். எந்த ஊரில் பாடினாலும் அப்படித்தான். ஷெட்டில் மைக் முன்னாலும் அப்படித்தான் நிறுத்தினேன்.

ஒரு வாரம் கழித்து, முடித்த பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அந்த வரியில் என் குரல் நிற்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போனது.

"நான் நிறுத்தின எடம் எங்கடா?" என்றேன்.

பொம்மைக்காரன் சிரித்தான். "அச்சுலேர்ந்து எடுத்தா பொம்மையில ஒட்டு தெரியும்ல? சூளையில வைக்கறதுக்கு முன்னாடி ஈர ஸ்பாஞ்சால தொடச்சிடுவோம். அது மாதிரிதான். நீ அழுவறத ஊரே கேக்கணுமா?"

என் மானத்தைக் காப்பாற்றியதாகவே அவன் நினைத்திருந்தான். "இப்பதான் தாளம் கரெக்டா நிக்குது" என்றான் கீபோர்டுக்காரன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் எனக்காக ஒரு மாதம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தவர்கள் அவர்கள். "சரி, இருக்கட்டும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

பாட்டு வெளியே வந்தது. கேட்டவர்கள் ஃபோன் செய்து பாராட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

போன மாதம் அக்காவுக்குத் திதி. படையல் முடிந்ததும், "அந்தப் பாட்டப் பாடுங்க மாமா" என்றாள் அக்கா மகள். உடுக்கையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். அந்த வரி வந்தது. தொண்டை அடைக்கவில்லை. நானாக நிறுத்திப் பார்க்கலாமா என்று நினைப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பயமாக இருந்தது.

"அப்படியே ஃபோன்ல கேக்கற மாதிரியே பாடுனீங்க மாமா" என்றாள் அந்தப் பெண், ஆசையாக.

அக்காவின் படத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.