பத்து மில்லிமீட்டர் உயரம்: ஒடாஹுஹு கராஜில் மூன்று நாள்

1996 மே மாதம் மகளைப் பார்க்க ஆக்லாந்து போனேன். ஐந்து வாரப் பயணம். ஈப்போவில் ஒரு தொழிற்பள்ளியில் இயந்திர வரைபடம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வயது அறுபத்தொன்பது. வீட்டுக்குப் பின்னால் சின்ன லேத், அதாவது கடைசல் இயந்திரம், ஒன்று வைத்துக்கொண்டு பொழுதைப் போக்குகிறேன். என்னைப்போல உலோக வேலையில் ஆசை உள்ளவர்கள் ஆக்லாந்து போனால் என்ன பார்க்கலாம் என்று தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. எழுத நான் தகுந்த ஆள்தானா என்ற சந்தேகம் இருந்தது. ஆனால் குறிப்பேட்டில் நேரம், தூரம், செலவு எல்லாம் இருக்கின்றன. அவற்றை நம்பி எழுதுகிறேன்.

சுபாங்கிலிருந்து விமானம் பத்தரை மணி நேரம். ஆக்லாந்து கடிகாரம் நமக்கு நான்கு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விமான நிலையத்தில் உணவுப் பொருளைப் பற்றிக் கேட்கும் படிவத்தில் ஒன்றுவிடாமல் எழுதிவிடுங்கள். நான் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயை எழுதினேன். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். பெட்டியில் இருந்த என் வெர்னியர் அளவுகோலைத்தான் வெகுநேரம் புரட்டிப் பார்த்தார்கள். மனுரேவாவில் உள்ள மகள் வீட்டுக்குக் காரில் இருபது நிமிடம்.

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மகளுடன் மருந்துக் கடையில் வேலை செய்யும் கௌரி வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வார இறுதியில் .22 ரைபிளால் அட்டையில் குறிபார்த்துச் சுடும் சங்கத்தில் உறுப்பினர் என்று மகள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் அப்படிப்பட்ட ஒருவரோடு உட்கார்ந்து நான் தேநீர் குடித்ததில்லை.

"போன வருசம் கார் அடிபட்டதில கழுத்து போயிட்டுது அங்கிள்," என்றார். "சுடலாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். ஆனா குனிஞ்சு சைட்டுக்குள்ளால பார்க்கேலாது. சைட் ரெண்டும் பத்து மில்லிமீட்டர் உயர்ந்தா காணும், தலை நிமிர்ந்து நிக்கும்."

சைட் என்றால் ரைபிளின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் குறிபார்க்கும் வளையம். அதை உயர்த்தவென்றே உயர்த்துக்கட்டைகள் விற்கிறார்களாம். வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம். சங்க அணிக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும் கடைசிச் சுற்றோ வரும் சனிக்கிழமை. ஐந்து இடம் முடிவாகிவிட்டது. ஆறாவது கௌரிக்கு அல்லது இன்னொருவருக்கு.

"மூண்டு சீசனாக் காத்துக்கொண்டிருக்கிறன். இந்தமுறை விட்டால் அவை என்னை மறந்துபோவினம்."

"அப்பா செஞ்சு கொடுப்பாரு லா அக்கா," என்றாள் மகள். "வீட்ல லேத்தே வச்சிருக்காரு."

"ஐயோ, நான் ஏதோ சும்மா செய்றவன்மா. துப்பாக்கியெல்லாம் படத்துல பார்த்ததோட சரி."

"நீங்கள் துவக்கைத் தொடவே வேண்டாம் அங்கிள். அலுமினியக் கட்டை ரெண்டு, அவ்வளவுதான். எங்கட சங்கத்து ரேயிட்ட லேத் இருக்கு. அவருக்குக் கண்ணில ஒப்பரேசன், அளவுக்கோடு தெரியாது. உங்களுக்குத் தெரியுமே?"

கோடு தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். அதோடு மாட்டிக்கொண்டேன்.

புதன் காலை 9.12 ரயில். மனுரேவாவிலிருந்து ஒடாஹுஹு வரை பதினெட்டு நிமிடம், சுமார் பதினொரு கிலோமீட்டர், போக மட்டும் 2 டாலர் 20 சென்ட். பயணச்சீட்டை ரயிலுக்குள் வந்துதான் கொடுக்கிறார்கள், சில்லறை வைத்திருங்கள். ஒடாஹுஹு நிலையம் ஊருக்குள் இல்லை. கடைத்தெருவுக்குப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். அங்கிருந்து ரேயின் வீடு இன்னும் ஏழு நிமிடம். மே மாதக் காற்று கழுத்தில் நுழைகிறது, மப்ளர் கட்டாயம்.

ரேக்கு எழுபத்திரண்டு வயது. ரயில்வே பணிமனையில் முப்பத்தொரு வருடம் இருந்தவர். கராஜில் காருக்கு இடமில்லை. நடுவில் பச்சை நிற லேத், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் கருவிகள். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. நான் கொண்டுபோன வரைபடத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

படிப்பவர்களில் லேத் உள்ளவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரைபிளின் மேல் பதினொரு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு தண்டவாளம் உண்டு. சைட்டின் அடிப்பாகம் அதைப் பக்கவாட்டில் கவ்விக்கொள்ளும். உயர்த்துக்கட்டை கீழே அந்தத் தண்டவாளத்தைக் கவ்வ வேண்டும். மேலே அதே அளவில் இன்னொரு தண்டவாளமாக நின்று சைட்டைத் தாங்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறி மேலேயோ கீழேயோ ஓடிவிடும். தனித்தனியாகச் செய்து ஒன்றுக்கொன்று சமப்படுத்துவது என் கைக்கு ஆகாத வேலை என்று நினைத்தேன். ஒரே பட்டையில் மேலும் கீழும் முழு நீளத்துக்குச் சீவிவிட்டு, கடைசியில் நடுவே அறுத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். அப்போது உயரம் வேறுபட வழியில்லை.

அலுமினியப் பட்டை கடைத்தெருவுக்கு அப்பால் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, 6 டாலர். புதன்கிழமை முழுவதும் பட்டையைச் சதுரமாக்குவதிலேயே போனது. வியாழன், தண்டவாளத்தைக் கவ்வும் சரிவான பள்ளங்கள். வெட்டும்போது ரே பக்கத்தில் நின்று காதால் கேட்பார். "அவசரப்படுகிறாய்" என்பார், அல்லது தலையை மட்டும் ஆட்டுவார். சத்தத்தை வைத்தே வெட்டு எவ்வளவு ஆழம் என்று சொன்னார். நான் அளந்து பார்த்தால் அநேகமாகச் சரியாக இருந்தது. மதியம் ஒரு மணிக்குக் கடையிலிருந்து இறைச்சி 'பை' வாங்கி வருவார், உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட மாவுப் பண்டம். நான் சைவம் என்றதும் முட்டை 'பை' வாங்கி வந்தார். விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் அதைத் தின்றேன்.

வெள்ளிக்கிழமை அறுத்து, இறுக்கும் திருகுகளுக்குத் துளை போட்டு, விளிம்புகளை அரத்தால் மழுக்கினேன். இரண்டு கட்டையும் 10.02 மில்லிமீட்டர். தண்டவாளத்தின் மாதிரித் துண்டு ஒன்று ரேயிடம் இருந்தது. அதில் ஏற்றிப் பார்த்தேன். விரலால் தள்ளினால் நகர்ந்தது. திருகை இறுக்கியதும் அசையவில்லை. எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

நான் ரேயிடம் சொன்னது வேறு.

"ஏதோ வந்திருக்கிறது. கொஞ்சம் லூசாக இருக்கலாம்," என்றேன். அவர் விரலால் தடவிப் பார்த்து நன்றாயிருக்கிறதே என்றார். "இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள், லூசாகத்தான் இருக்கும்," என்றேன். வாசலில் விடைபெறும்போது மூன்றாவது தடவையும் சொன்னேன். செய்த வேலையை நாமே நன்றாயிருக்கிறது என்று சொல்வது அழகில்லை என்று வளர்ந்தவன். சாப்பாடு போட்டால் உப்பு சரியில்லை என்போம், வீடு கட்டினால் கோணல் என்போம். கேட்பவர் மறுத்துப் பேசுவார், அத்தோடு முடிந்தது. ரே மறுத்துப் பேசவில்லை. "ஷீ வில் பி ரைட்," என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு அங்கே அப்படிச் சொல்கிறார்கள். நான் 4.10 ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். ஐந்து மணிக்குக் கௌரி ரைபிளைக் கொண்டுபோக, ரேயே கட்டைகளை மாட்டிக் கொடுத்திருக்கிறார்.

சனிக்கிழமை கௌரியின் காரில் போனேன். மனுரேவாவிலிருந்து பதினான்கு கிலோமீட்டர், இருபது நிமிடம். பார்வையாளருக்குக் கட்டணமில்லை, வருகைப் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். நீளமான தகரக் கூரைக் கட்டிடம், கோடியில் விளக்கொளியில் அட்டைகள். ஓர் அட்டையில் பத்துச் சிறு வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு குண்டு, மொத்தம் நூறு மதிப்பெண். எதிராளி காலையிலேயே சுட்டு முடித்திருந்தார். அவரைத் தாண்டக் கௌரி 96 எடுக்க வேண்டும். கௌரியின் குழு மூன்றரைக்கு. ரேயும் பார்க்க வந்திருந்தார்.

இரண்டரைக்குப் பயிற்சி அட்டை. கௌரி பாயில் படுத்து, தலையை நிமிர்த்தியபடியே சைட்டுக்குள் பார்த்து, என் பக்கம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குச் சந்தோஷம். அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. அட்டை திரும்பி வந்தபோது துளைகள் ஒன்று இடமும் ஒன்று வலமுமாக அலைந்திருந்தன. 88.

"இது என்ர கை இல்லை," என்றார் கௌரி, மெதுவாக. "ஒரு பக்கமாப் போனாத் திருத்தலாம். இது அங்கையும் இங்கையுமா நடக்குது."

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். "நான் செஞ்சதுதான் தப்பு. நான் அப்பவே நெனச்சேன்."

சங்கச் செயலாளர் நல்ல மனிதர். தோளில் தட்டி, பழைய சைட் உயரத்துக்கே மாற்றிவிடுங்கள், அல்லது அடுத்த சீசன் பார்ப்போம் என்றார். கௌரி என்னைப் பார்த்தார்.

"என்ன செய்வம் அங்கிள்? கழட்டவோ? கழட்டினா என்னால ரெண்டு குண்டுக்கு மேல குனியேலாது."

மணி 2.50. மன்னிப்புக் கேட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடத்தான் தோன்றியது. உட்கார்ந்திருந்தால் அந்த அம்மாவின் மூன்று சீசனும் என்னோடு உட்கார்ந்திருக்கும். பையில் வெர்னியர் இருந்தது. பத்து நிமிடம் கேட்டேன். களப் பொறுப்பாளர் குண்டை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி, குண்டு இல்லை என்று பார்த்து, ரைபிளை மேசையில் வைத்தார்.

முன்கட்டை 10.02. பின்கட்டை 10.02. திருகு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் பின்கட்டை தண்டவாளத்தில் முன்முனையில் மட்டும் ஒட்டி, பின்முனையில் மயிரிழை தூக்கி நின்றது. திருகைத் தளர்த்தினேன். கட்டைக்கு அடியிலிருந்து விரல்நகம் அளவுக்குப் பச்சைத் தகடு ஒன்று மேசையில் விழுந்தது. பியர் டின்னில் கத்தரித்தது.

"அது என்னுடையது," என்றார் ரே, எந்தச் சங்கடமும் இல்லாமல். "நீ லூஸ் என்று சொன்னாயே. மூன்று தடவை."

அவர்கள் கராஜ்களில் அது வழக்கம். எது தளர்ந்தாலும் பியர் டின்னில் ஒரு துண்டு வெட்டிச் சொருகுவார்கள். அவருக்கு நுணுக்கமான அளவு கண்ணுக்குத் தெரியாது. கண் உள்ளவன் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார். அந்தத் தகட்டால் கட்டை ஒரு முனையில் மட்டும் பிடித்து, ஒவ்வொரு குண்டுக்கும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது.

"இப்போது சொல்," என்றார். "லூசா, இல்லையா?"

கௌரி, செயலாளர், களப் பொறுப்பாளர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஈப்போவிலானால் சிரித்து மழுப்பியிருப்பேன்.

"இல்லை. லூஸ் இல்லை. கட்டை சரியாக இருக்கிறது."

தகடு இல்லாமல் திருப்பி மாட்டினோம். சோதனைக் குண்டு நான்கு. நான்கும் ஒரே துளையைப் பெரிதாக்கின, கொஞ்சம் வலப்பக்கம். கௌரி சைட்டில் மூன்று கிளிக் திருகினார். மணி 3.26.

பத்துக் குண்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது பதினாறு நிமிடம். நான் பார்க்கவில்லை, வெளியே கார்களின் எண்களைப் படித்துக்கொண்டிருந்தேன். ரே வந்து கூப்பிட்டார். செயலாளர் பூதக்கண்ணாடி வைத்து ஏழாவது வட்டத்தை இரண்டு தடவை பார்த்தார். 97. பலகையில் ஆறாவது வரியில் கௌரியின் பெயரை மையால் எழுதினார். ஆங்கில எழுத்து ஒன்று விட்டுப்போயிருந்தது. கௌரியே பேனாவை வாங்கித் திருத்தினார்.

காரில் திரும்பும்போது, "இனி ஆரும் 'எப்பிடிச் செய்தனீங்கள்' எண்டு கேட்டா என்ன சொல்லுவியள் அங்கிள்?" என்றார்.

"சுமாராத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"இறக்கி விட்டிடுவன், நடந்து வாங்கோ!"

போக நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்பாதீர்கள். அங்கே அளவுகள் மில்லிமீட்டரில். பழைய திருகுகள் மட்டும் அங்குலம், இரண்டுக்கும் திருகுச்சாவி கொண்டுபோங்கள். துப்பாக்கிச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உரிமம் உள்ளவரும் சங்கத்துக்காரரும் கூட இருக்கும்போது மட்டுமே எதையும் செய்யுங்கள். துப்பாக்கி சம்பந்தப்பட்ட எந்தப் பொருளையும், வெறும் கட்டையைக்கூட, பெட்டியில் வைத்துத் திரும்ப வேண்டாம். யாருடைய கராஜுக்காவது போனால், உங்கள் வேலையைப் பற்றி அளவுகோல் சொல்வதை மட்டும் சொல்லுங்கள். அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள்.

கௌரி இப்போது வாராவாரம் அணியில் சுடுகிறார் என்று மகள் எழுதியிருக்கிறாள். அந்த இரண்டு கட்டைகளும் நன்றாக வந்திருக்கின்றன. அவற்றில் நான் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை.