இரண்டு மெயின் கேட் உள்ள குன்று

காலை ஏழு மணிக்கு நன்னிலத்தில் பஸ் ஏறினோம். நான், மனைவி ஸ்டெல்லா, மகள் ஜான்சி. தஞ்சாவூர் எழுபது கிலோமீட்டர்தான். கும்பகோணத்தில் வண்டி மாறி, பாலம் வேலை என்று ஊரெல்லாம் சுற்றி இறங்கியபோது மணி பத்தரை. இடுப்பு விட்டுப்போயிற்று.

ஜான்சிக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையன் அருள், பூதலூர். வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்றால், "காபித் தட்டோட வந்து நிக்க மாட்டேம்பா. வெளியில எங்கயாவது பேசிக்கிறோம்" என்று இந்தக் குன்றுப் பூங்காவைச் சொன்னவள் அவள்தான். முன்பு வந்த இரண்டு வரன்களை வேண்டாம் என்றவள். இதையும் தட்டிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

நுழைவுச்சீட்டு தலைக்குப் பத்து ரூபாய். வெளியே போய்த் திரும்பினால் மறுபடி பத்து. கோட்டை அகழி தோண்டிய மண்ணைக் கொட்டி எழுந்த குன்று என்றது வாசல் பலகை. சீட்டு கிழித்தவரோ, "அதெல்லாம் இல்லைங்க, குளம் தூர்வாரின மண்ணு" என்றார். எந்த மண்ணாயிருந்தால் என்ன, பையன் வீட்டாரைக் காணோம். பதினொன்றேகாலுக்கு அவன் அப்பாவை அழைத்தேன்.

"எங்க சார் இருக்கீங்க?"

"மெயின் கேட்டுலதாங்க. அரைமணி நேரமா நிக்கிறோம்."

"நாங்களும் மெயின் கேட்டுலதான் நிக்கிறோம்."

கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். நடுவே தென்னை உயரத்துக்குக் குன்று. சுற்றுப்பாதையைப் பள்ளம் பறித்துப் போட்டிருந்தார்கள். 'நீங்க வாங்க', 'நீங்க வாங்க' என்று பேச்சு தடித்தது. "பொண்ணு வீட்டுக்காரங்க இப்படியா பேசுவாங்க?" என்றார் அவர். நான் போனை வைத்துவிட்டேன்.

"கிளம்பு, ஊருக்குப் போகலாம்" என்று திரும்பினால் ஸ்டெல்லா மட்டும் நின்றாள்.

"அவ அப்பவே மேல ஏறிட்டா" என்றாள்.

செம்மண் சறுக்கும் படிகளில் மூச்சுவாங்க ஏறினோம். உச்சியில் நாவல் மரத்தடியில் ஜான்சியும் அருளும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து வணக்கம் சொன்னான். ஒருபுறம் பெரிய கோயில் விமானம். மறுபுறம் ரயில் பாதையைத் தாண்டி, அறுவடை முடிந்த வயல்கள்.

"இங்கேருந்து ரெண்டு கேட்டும் தெரியுதுப்பா" என்றாள் ஜான்சி. "நீங்களும் அவங்கப்பாவும் ஒரே மாதிரி கைய ஆட்டிக்கிட்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தீங்க. அதப் பாத்துத்தான் பேச்சே ஆரம்பிச்சுது." பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

எங்கள் ஊர் சமதரையில், வரப்பில் ஆள் வந்தால் வெகுதூரத்திலேயே தெரியும். ஆனால் நம் கூத்தை உயரே நின்று பார்க்க ஓர் இடம் கிடையாது. இல்லாததே நல்லது என்று பட்டது.

அதற்குள் அருளின் அப்பா மேற்குப் படிகளில் வியர்க்க விறுவிறுக்க ஏறி வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, "எங்க கேட்டுதான் சார் மெயின் கேட்டு" என்றார்.

ஸ்டெல்லா என் கையை அழுத்தினாள்.

"ஆமாங்க" என்றேன்.