சிவப்புப் புள்ளி இல்லாத மூடி

சனிக்கிழமை வரை டெல்மர் ஹாப்குட்டின் திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, விமானத்தைக் கிளப்பும் ஸ்டார்ட் வண்டியிலிருந்து, இன்ஜினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் நல்ல டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி மனைவியின் காரில் போட்டான். காரிலிருந்த விரிசல் விட்ட மூடியை வண்டியில் பொருத்தினான். திங்கட்கிழமை பக்கத்து ஊர் மேரிஸ்வில் கடைக்குப் புது மூடி வந்துவிடும். வாங்கி, காதும் காதும் வைத்தாற்போல மாற்றிவிடலாம். செவ்வாய் வரை விமானம் பறக்காது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது. உடனே வா, கிளம்புகிறது.

அந்த விமானப்படைத் தளத்தின் கறுப்பு விமானம் வானத்தில் எதையும் முந்தும். ஆனால் தரையில் தானாகக் கண்விழிக்கத் தெரியாது. இரண்டு பழைய ப்யூக் கார் இன்ஜின்களை ஜோடியாகப் பூட்டிய வண்டியை அதன் அடியில் தள்ளி, செங்குத்தாக நிற்கும் தண்டை மேலே மாட்டி, ஜெட் இன்ஜினைச் சுற்றிவிட்டால்தான் அது மனம் இறங்கும். இரண்டு ப்யூக்கும் சேர்ந்து இழுக்க வேண்டும்; ஒன்று சுணங்கினாலும் நடக்காது. அந்த வண்டிதான் டெல்மரின் பொறுப்பு. டெல்மரிடமும் ஒரு ப்யூக் கார் இருந்ததுதான் வினை.

ப்யூக் வைத்திருப்பவர்கள் தளத்தில் பலர். கைகள் நீளும் என்பது குழுத் தலைவர் ஆர்லோ ஃபென்டனுக்குத் தெரியும். அதனால் வண்டியின் ஒவ்வொரு உதிரிப்பாகத்திலும் நகச்சாயத்தால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். குப்பி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். யாராவது சிரித்தால், "என் பொண்டாட்டியோடது இல்ல, நானே கடைல வாங்குனது" என்பார். விரிசல் மூடியில் அந்தப் புள்ளி இல்லை.

ஓடுதளத்தைக் குளிர்கால மூடுபனி மூடியிருந்தது. விமானத்தின் இடது ஜெட் இன்ஜின் முதல் முயற்சியிலேயே, எரிபொருளைப் பற்றவைக்கும் ரசாயனத்தின் பச்சைத் தீயைக் கக்கிப் பற்றிக்கொண்டது. டெல்மருக்குப் பாதி உயிர் வந்தது. வண்டியை உருட்டி வலது பக்கம் கொண்டுபோனார்கள். அதற்குள் பனி வண்டியின் மேலெல்லாம் வியர்வையாக இறங்கிவிட்டது. விரிசல் மூடிக்கு ஈரம் ஆகாது. டெல்மர் விசையை அழுத்தினான். ஒரு ப்யூக் கர்ஜித்தது, இன்னொன்று இருமியது. சுழல்வேகம் காட்டும் முள் பாதியில் நின்று நடுங்கியது.

"நிறுத்து!" ஃபென்டன் காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு ஓடிவந்தார். "என்னய்யா ஆச்சு?"

"ஈரம், சீஃப்."

"இதுக்கு நடுவானத்துல பெட்ரோல் குடுக்குற பிளேன் மேல போய்க் காத்துக்கிட்டு இருக்கு. ஈரம்னு அதுகிட்ட சொல்லட்டுமா? மூடியைக் கழட்டு."

டெல்மர் கழற்றினான். கழற்றிய மூடியின் மேல் ஃபென்டனின் டார்ச் ஒளி விழுந்தது. விரிசலில் கறுப்புக் கோடு ஓடியிருந்தது. ஒளி மெல்ல மூடியைச் சுற்றி வந்து, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் நின்றது.

ஃபென்டன் சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினார். "கரியைச் சுரண்டிட்டு இதால அடை. முதல்ல பிளேனு. அப்புறம் நீ."

டெல்மர் ஈரத்தை உள்பனியனால் துடைத்து, கத்தி முனையால் கரியைச் சுரண்டி, விரிசல் நெடுக நகச்சாயத்தைப் பூசினான். இன்னும் சூடு ஆறாத புகைக்குழாயருகே மூடியைப் பிடித்துக் காயவைத்தான். மேலே விமானிகள் இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சாயம் காய்வதற்குள் தன் வேலை, தளத்து வீடு, ஓய்வூதியம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் போயின. மறுபடி மாட்டினான். இந்த முறை இரண்டு ப்யூக்குகளும் ஒரே குரலில் கத்தின. முள் ஏறியது. பச்சைத் தீ பளிச்சிட்டது.

விமானம் பனிக்குள் போய்ச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தபோது ஃபென்டன் கேட்டார்: "நம்ம மூடி எங்க?"

"என் பொண்டாட்டி ஓபல் கார்ல. புதன்கிழமை பனில தண்டவாளத்து மேல கார் நின்னுபோச்சு, சீஃப். அவளே தள்ளி இறக்கியிருக்கா. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழட்டாம தரையில உக்காந்துட்டா."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"குடுத்திருப்பீங்களா?"

"மாட்டேன்." ஃபென்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாளைக்குக் காலைல கமாண்டர்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னாலும் திருட்டு, நீ சொன்னாலும் திருட்டு. ஆனா நீயா வந்து சொன்னேன்னு இருக்கும்."

அவரே தன் வண்டியில் டெல்மரை மேரிஸ்வில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஓபல் அங்கே சமையற்கூடத்தில் வேலை பார்த்தாள். அவள் காரிலிருந்து புள்ளி வைத்த மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஃபென்டன் போய்விட்டார். டெல்மர் நகச்சாய மூடியைக் காரில் மாட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் ஓபல் வந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சூப் மணக்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு நாளா திருட்டு மூடிலயா போய்ட்டு வந்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல உனக்கு?"

"சொன்னா வேணாம்னு கழட்டிப் போட்டிருப்பே."

"ஆமா, போட்டிருப்பேன். இப்ப இது ஓடுமா?"

"ஓடும். ஒரு ஜெட்டையே கிளப்பிருச்சு."

"அப்ப நீயே ஓட்டு."

தண்டவாளத்துக்கு முன்னால் அவள் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். பனியில் இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நடந்தே கடந்து மறுபக்கம் மறைந்துபோனாள். "வா!" என்று குரல் மட்டும் வந்தது.

முன்சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறின. இன்ஜின் ஒருமுறை இருமி, அணைந்தது.

டெல்மர் சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. தூரத்தில் ஏதோ ஒரு ஊதல். எந்தத் திசை என்று பனி சொல்லவில்லை. மறுபடி திருப்பினான். இன்ஜின் பற்றிக்கொண்டது. கார் துள்ளி மறுபக்கம் இறங்கியது.

ஓபல் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். அவன் கை ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தது. அதையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ரெண்டாவது தடவைலயே கிளம்பிருச்சு," என்றாள். "எனக்குப் புதன்கிழமை கடைசி வரைக்கும் கிளம்பல. நாளைக்குக் கமாண்டர்கிட்டப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ. தண்டவாளத்து மேல நின்னதை நான் சொல்றேன்."