அப்பா கண்ணாடி துடைக்கும் நேரம்

எங்கள் வீட்டில் டி.வி.க்கு அரைமணி நேரம்தான் என்பது அம்மா போட்ட சட்டம். அழுகை, பட்டினி, நல்ல மதிப்பெண் எதற்கும் அது வளைந்து கொடுத்ததில்லை. நாங்கள் அப்போது வங்காளத்தில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு துர்கா பூஜை விடுமுறையில் அந்தச் சட்டம் சத்தமில்லாமல் ரத்தானது. காரணம், மாமா.

மாமா அம்மாவின் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையில் இருந்தார். காய்ச்சல் அடித்தால்கூட அலிப்பூர் ஆபீசுக்கு லீவு போடாத அப்பா, திடீரென்று லீவு போட்டுப் பெங்களூர் போய், மாமாவைக் கையோடு அழைத்து வந்தார். ஆபீஸ் வேலையாகப் போனதாக என்னிடம் சொன்னார்கள். போகிற வழியில் சும்மா நின்றுகொண்டிருந்த மாமாவை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். மாமாவின் பெட்டியில் சட்டைகள் குறைவு. ஒரு கைலிக்குள் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த வீடியோ கேம் பெட்டிதான் பெரிய சாமான். அதை எங்கள் டி.வி.யில் மாட்டியபோது அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த அந்தச் சின்ன வீட்டில் என்னைவிட அதிர்ஷ்டசாலி யாரும் கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் கோடரியோடு ஒரு ராட்சசன். நம் ஆள் கையில் ஒரு கத்தி, அவ்வளவுதான். ராட்சசன் கோடரியை ஓங்கும்போது ஒரு பட்டனை அமுக்கினால் நம் ஆள் குட்டிக்கரணம் போட்டு விலகுவான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடி மேலே விழப்போகிற அந்தக் கணத்தில் சரியாக அமுக்கிவிட்டால் சுற்றியுள்ள எல்லாம் மெதுவாகிவிடும். கோடரி, தூசி, ராட்சசன் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நகர, நம் ஆள் மட்டும் நிதானமாக நடந்துபோய் ஒரு வெட்டு வெட்டிவிட்டு வரலாம். கொஞ்சம் முந்திவிட்டால் கதை வேறு. குட்டிக்கரணம் முடிந்து நம் ஆள் எழுந்து நிற்கவும் கோடரி தலையில் இறங்கவும் சரியாக இருக்கும்.

மாமா எப்போதும் முந்திவிடுவார். கோடரி அசைந்தாலே போதும், இவர் உருண்டுவிடுவார். அந்த ராட்சசனும் லேசுப்பட்டவன் இல்லை. ஓங்கிய கோடரியை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு, நாம் பதறி உருள்வதற்காகவே காத்திருப்பான். இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவருக்கு இது ஏன் பிடிபடவில்லை என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“அடி வரும்னு தெரிஞ்சாலே கை தானா ஓடிருது பாப்பா. நிக்கணும்னுதான் நினைக்கேன்” என்றார் மாமா. சொல்லும்போது என்னைப் பார்க்காமல் கண்ட்ரோலரையே பார்த்துக்கொண்டிருந்தார். தோற்ற வெட்கம் என்று நினைத்தேன்.

ரகசியத்தைக் கண்டுபிடித்தது நான்தான். மாமா விளையாட, நான் பக்கத்தில் உட்கார்ந்து பொரியைக் கொறித்துக்கொண்டு ராட்சசனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடரி பொய் சொல்லும். கால் பொய் சொல்லாது. எவ்வளவு நேரம் ஓங்கி நின்றாலும், அடிக்கப்போகும்போது இடது காலைத் தரையில் ஒரு இழுப்பு இழுப்பான். அதற்குப்பின் அமுக்கினால் போதும். எனக்கு அது இரண்டாம் நாளே கைவந்துவிட்டது. மாமாவுக்குத் தெரிந்தும் வரவில்லை.

இதற்கிடையில் வீட்டுக்குள்ளேயே இன்னொரு ராட்சசன் இருந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் முடிந்து மோருக்கு வரும் இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டி நுனியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாவகாசமாகத் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு, எல்லா நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

“நாளைக்கு என்ன பிளான் மாப்ள?”

மாமா அங்கேயும் முந்துவார். அப்பாவின் கை கண்ணாடிக்குப் போகும்போதே, “பாத்துக்கிட்டேதான் இருக்கேன் அத்தான்” என்று ஆரம்பித்துவிடுவார். எதைப் பார்க்கிறாய் என்று அப்பா கேட்பார். மாமா சோற்றைப் பிசைய ஆரம்பிப்பார். சோறு அப்படியே தட்டில் நிற்கும். எனக்குக் கவலையாக இருக்கும். ஏனென்றால் திருநெல்வேலியிலிருந்து தாத்தா போன் செய்து, பையனை ஊருக்கு அனுப்பிவிடு என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அப்பாவின் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வராவிட்டால் மாமாவை ரயிலேற்றிவிடுவார்கள், கைலி சுற்றிய பெட்டியும் கூடவே போய்விடும் என்று நான் உறுதியாக நம்பினேன். மாமா போய்விடுவாரே என்பதும் இருந்தது. இரண்டில் எது பெரிய கவலை என்று அப்போது கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன். கண்ணாடி அப்பாவின் கையில் இருக்கும்வரை கேள்வி வராது, அது மூக்கில் ஏறிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று மாமாவுக்குப் பாடம் எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேசைக்கடியில் அவர் பாதத்தின் மேல் என் பாதத்தை வைத்துக்கொண்டேன். அப்பா கண்ணாடியை மாட்டியதும் ஒரு அமுக்கு.

முதல்நாள் அமுக்கியதும் மாமா திடுக்கிட்டு, “நாளைக்கு அந்தப் பாலத்துல நிக்கவன முடிக்கணும் அத்தான்” என்றார்.

தொலைந்தோம் என்று நினைத்தேன். அப்பா மோரை ஊற்றிக்கொண்டார். “முடிச்சிரு” என்றார். அவ்வளவுதான். இவ்வளவு எளிதில் ஏமாறுகிறவரா என் அப்பா என்று எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அதன்பிறகு எல்லா ராத்திரியும் வெற்றிதான். நாளைக்குக் கறிவேப்பிலை வாங்கணும், நாளைக்குப் பாப்பாவுக்குப் பூஜைப் பந்தல் காட்டணும், நாளைக்கு முடி வெட்டணும் என்று மாமா எதைச் சொன்னாலும் அப்பா தலையாட்டினார்.

பகலில் நாங்கள் இருவரும் கடைக்குப் போவோம். எங்களைத் தனியாக அனுப்பும்போது அம்மா கெடுபிடி செய்வாள். எங்கே போனாலும் ஆட்டோதான், மெட்ரோ கூடவே கூடாது. காளிகாட் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இது என்ன கூத்து என்று நான் சண்டை போட்டதுண்டு. அம்மா காதில் வாங்கமாட்டாள். வாசலில் குனிந்து என் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டே, “மாமாவ விட்டு அங்க இங்க நகரக் கூடாது, கேட்டியா?” என்பாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணைக் கைக்குழந்தையாக நடத்துகிறாளே என்று எனக்கு மானம் போகும். இருந்தாலும் மாமாவின் கையை விட்டதில்லை. பூஜைக் கூட்டத்தில் அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும்.

தீபாவளிக்கு டெல்லியிலிருந்து அப்பாவின் அண்ணன் வந்தார். பெரியப்பாவுக்குக் கண்ணாடியும் கிடையாது, துடைக்கிற வழக்கமும் கிடையாது. வாயில் வடை இருக்கும்போதே, நல்ல சம்பளத்தை உதறிவிட்டு அக்கா வீட்டில் உட்கார்ந்து பொம்மை விளையாடுகிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று மாமாவைப் பார்த்துக் கேட்டுவிட்டார். ஒரு அசைவு இல்லை, ஒரு கால் இழுப்பு இல்லை. நான் மாமாவின் பாதத்தை அமுக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமா உருளவும் இல்லை, விலகவும் இல்லை.

அப்பா பேசினார். தன் அண்ணன் முன்னால் உட்காரக்கூட யோசிக்கிற அப்பா.

“வேலைய விடச் சொன்னதே நாந்தான் அண்ணே. இனிமே எதுன்னாலும் என்ட்ட கேளுங்க.”

நான் அதை அப்படியே நம்பினேன். நல்ல வேலையை விடச் சொன்ன குற்றத்துக்காக அப்பாவோடு இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன்.

அந்த இரண்டாவது நாள் வங்காளிகளுக்கு பாய்ஃபோட்டா. அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிகளின் நெற்றியில் பொட்டு வைக்கிற நாள். எங்கள் வீட்டில் அதுவரை கொண்டாடியதே இல்லை. அன்று காலை அம்மா குளித்து, பட்டுச்சேலை கட்டி, எதிர்வீட்டு வங்காளி அம்மாள் மாஷிமாவைக் கூட்டிவந்து முறை கேட்டுக்கொண்டாள். மாமாவைப் பலகையில் உட்காரவைத்து, இடதுகைச் சுண்டுவிரலால் சந்தனத்தைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள். எமன் வாசலில் முள் போட்டு அடைக்கிறாள் உன் அம்மா, தம்பியிடம் அவன் வரமுடியாது என்று மாஷிமா எனக்கு வங்காள மொழியில் விளக்கினாள். எனக்குத் தட்டில் இருந்த சந்தேஷ் இனிப்பின் மேல்தான் கண். அம்மாவின் சுண்டுவிரல் நெற்றியை விட்டு எடுபட வெகுநேரம் ஆனது மட்டும் நினைவிருக்கிறது.

அன்று மத்தியானம் மாமா நின்றார். கோடரி ஓங்கியது, நின்றது, காத்திருந்தது. மாமாவும் காத்திருந்தார். இடது கால் இழுபட்டது. அதற்குப்பின் அமுக்கினார். பாலம், தூசி, கோடரி எல்லாம் மெதுவாக, மாமாவின் ஆள் நடந்துபோனான். ராட்சசன் சாய்ந்ததும் மாமா சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். திரையையும் தம்பியையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கவலையோடு கேட்டாள்.

“முடிஞ்சிட்டா? இனி அடுத்தது இருக்கா?”

பாலத்துக்கு அப்பால் கோட்டை, அதற்குள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றேன். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. விளையாட்டு முடியவில்லை என்று சந்தோஷப்பட்ட ஒரே அம்மா உலகத்தில் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

மாமா இப்போது மதுரையில் இருக்கிறார். மனைவி, குழந்தை, கொஞ்சம் தொப்பை எல்லாம் உண்டு. நான் கல்லூரிக்குப் போகிற வயதில்தான் அம்மா சொன்னாள். பெங்களூரில் அந்த மாதங்களில் மாமாவுக்கு உயிரோடு இருக்கப் பிடிக்காமல் போயிருந்ததாம். ஒருதடவை முயன்றும் பார்த்துவிட்டார். அப்பா லீவு போட்டு ஓடியது அதற்காகத்தான்.

அதற்குப்பின் யோசித்துப் பார்த்தேன். அப்பாவின் கண்ணாடியில் ஒருநாளும் அழுக்கு இருந்ததில்லை. பெரியப்பாவைப்போல அவரும் நேராகக் கேட்டிருக்கலாம். மாமா சுதாரித்துக்கொள்ளட்டும் என்றுதான் அவ்வளவு நேரம் துடைத்திருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது வேலையைப் பற்றிய பதில் இல்லை. நாளைக்கு என்று தொடங்குகிற ஏதாவது ஒரு வாக்கியம். கறிவேப்பிலையாக இருந்தாலும் சரி.

அம்மா வாசலில் குனிந்து, மாமாவை விட்டு நகரக் கூடாது என்று என்னிடம் சொல்லி அனுப்பியதையும் நினைத்துக்கொள்கிறேன். மாமா என்னைப் பார்த்துக்கொள்கிறார் என்றுதான் அன்றெல்லாம் நான் நினைத்திருந்தேன்.