மேலு காயுதும்மா

சென்னையிலிருந்து எங்கள் திருச்சபை சார்பில் போய், கடமலைக்குண்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் மருத்துவ முகாம் நடத்தினோம். வந்தவர்களின் உபாதையைக் கேட்டு எழுதுவது என் வேலை. ஒரு தாய், "வீட்டுல மகளுக்கு ரெண்டு நாளா மேலு காயுதும்மா" என்றார். தோல் வறட்சி என்று நினைத்து, டாக்டரிடம் அனுப்பாமல் நானே ஒரு களிம்பைக் கொடுத்து, ஜெபித்து அனுப்பினேன்.

மறுமாதம் போனபோது, அந்தத் தாய் தீர்ந்துபோன டியூபை நீட்டினார்.

"நீங்க சொன்னபடிதேன் தேச்சேன். காய்ச்சல் விடலையேம்மா. புள்ள போயிருச்சு."

அந்தப் பக்கம் மேல் காய்வது என்றால் காய்ச்சல் என்று அன்றுதான் தெரிந்தது. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

இப்போதும் முகாம்களுக்குப் போகிறேன். "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கண்களை மூடி ஜெபிக்கிறேன்.